பாறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்

பானை ஓட்டைப் பையில் போட்டு எடுத்துவரலாம். பழங்காசை எடுத்துவரலாம். கல்வெட்டைக்கூட மைப்படி எடுத்து வந்து மேசையில் விரித்துப் படிக்கலாம். பாறை ஓவியம் அப்படி வராது. வரைந்த இடத்திலேயே, வெயிலுக்கும் மழைக்கும் குளவிக் கூட்டுக்கும் நடுவே நிற்கும். பூட்டும் கண்ணாடிப் பெட்டியும் அதற்கு இல்லை. அந்தப் பாறையைச் சுற்றி யார் குடியிருக்கிறார்களோ, யார் ஆடு மேய்க்கிறார்களோ, யார் விறகு பொறுக்குகிறார்களோ, அவர்கள்தான் அதற்குக் காவல்.

“பாறை ஓவியங்களைப் பற்றிப் படிக்க ஆசை. எந்தப் படிப்பில் சேரலாம்? வேலை கிடைக்குமா?” என்று எழுதிக் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஓவியத்தை ஆராய்வது ஒரு வேலை, மக்களிடம் பேசுவது வேறொரு வேலை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். 1972இல் அமெரிக்கத் தொல்லியலாளர் சார்லஸ் மெக்கிம்ஸி, தொல்லியலை மக்களோடு இணைக்கும் வேலைக்குப் ‘பொதுத் தொல்லியல்’ என்ற பெயரைப் பரவலாக்கினார். அதன் பிறகு அது தனிப் பாடமாகவும் தனிப் பட்டமாகவும் வளர்ந்துவிட்டது. அகழாய்வு செய்கிறவருக்கு அது கூடுதல் தகுதியாக இருக்கலாம். பாறை ஓவியத்துக்கு வருகிறவருக்கு அது இல்லாமல் முதல் நாள் வேலையே நடக்காது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாறையிடம் போனதும் கேமராவை எடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்க வேண்டும். முதலில் ஒரு செங்காவிக் கறை மட்டும்தான் தெரியும். கண் பழகப் பழக, கறைக்குக் கீழே இருக்கும் நான்கு கோடுகள் கால்கள் என்று புரியும். பிறகு முதுகின் வளைவு. அதற்கப்புறம் கொம்பு. விலங்கு ஒன்று நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறோம். கையால் வரைகிறோம். நல்ல கேமரா கையில் இருக்கும்போது எதற்காக வரைய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். படம் எடுக்கிறவர் பாறையை ஒரு நொடி பார்க்கிறார். வரைகிறவர் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, இது எங்கே தொடங்குகிறது, எங்கே மங்குகிறது, தூரிகையா விரலா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகள்தான் ஆய்வு.

அதன் பிறகு அளவுகோலையும் நிற அட்டையையும் வைத்துப் படங்கள். ஒன்றோடு ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் எடுத்தால் கணினியில் பாறையின் முப்பரிமாண வடிவமே கிடைத்துவிடும். பாறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, மழைநீர் எந்த வழியாக வடிகிறது, எங்கே உப்புப் பூத்திருக்கிறது, எங்கே தோல் உரிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து வருகிறவர், எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று கணக்கிட அந்தக் குறிப்புகள்தான் ஆதாரம்.

ஒருமுறை ஒரு பாறை ஒதுங்கிடத்தில் கைகோத்து ஆடுவதுபோல் வரிசையாக வெள்ளை மனித உருவங்களைப் பார்த்தோம். வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாலையில் படங்களை டிஸ்ட்ரெட்ச் மென்பொருளில் போட்டோம். ஜான் ஹார்மன் என்ற கணிதவியலாளர் உருவாக்கியது அது. செயற்கைக்கோள் படங்களில் நிறங்களைப் பிரித்துக் காட்டப் பயன்பட்ட ஒரு கணக்கு முறையைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் நிறங்களின் சிறு வேறுபாட்டை அது இழுத்துப் பெரிதாக்கும். திரையில் அந்த ஆட்டக்காரர்களின் கால்களுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மான் எழுந்தது. செங்காவியில், வயிறு முழுக்கக் குறுக்குக் கோடுகளோடு. மறுநாள் காலையில் கைப்பெருக்காடியோடு போய்ப் பார்த்தபோது, வெள்ளைக் கோடு சிவப்பின் மேல் ஏறிச் செல்லும் இடம் மூன்று விரல் அகலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. மான் முந்தியது, மனிதர்கள் பிந்தியவர்கள். இடையில் கழிந்தது ஒரு பகல் பொழுதா ஆயிரம் வருடமா என்று அந்தக் கோடு சொல்லாது.

ஊர் மக்களோ, “எத்தனை வருஷம் பழசு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, கடினமான கேள்வியும்கூட. செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. அதில் கார்பன் கிடையாது, அதனால் கார்பன் கணிப்பு செல்லாது. கரியால் வரைந்திருந்தால் செல்லும். பிரான்ஸில் 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகையில் கரி ஓவியங்கள் இருந்ததால்தான், மனிதர்கள் அங்கே வந்துபோன முதல் காலகட்டம் 37,000 முதல் 33,500 ஆண்டுகளுக்கு முன் என்று 2016இல் விரிவாகக் கணிக்க முடிந்தது. காவி ஓவியத்துக்குச் சுற்றுவழிதான். சுண்ணாம்புக் குகைகளில் நீர் கசிந்து ஓவியத்தின் மேல் மெல்லிய படலம் படியும். நீரில் யுரேனியம் கரையும், தோரியம் பெரும்பாலும் கரையாது. ஆகவே படலம் படிந்த நாளில் அதில் யுரேனியம் இருக்கும், தோரியம் அநேகமாக இருக்காது. வருடங்கள் போகப்போக யுரேனியம் சிதைந்து தோரியம் சேரும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படலத்தின் வயது தெரியும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் லியாங் கரம்புவாங் குகையில் ஒரு பன்றியும் மனிதர் போன்ற மூன்று உருவங்களும் சேர்ந்த காட்சிக்கு 51,200 ஆண்டுகள் என்று 2024இல் அறிவித்தது இந்த முறையில்தான். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் சுண்ணாம்புப் படலம் இல்லை. அங்கே ஓவியத்தின் மேலும் அடியிலும் இருந்த குளவிக் கூடுகளின் மண்ணில் சிக்கிய கரியைக் கணித்து, ஒரு கங்காரு ஓவியத்துக்கு 17,300 ஆண்டுகள் என்று 2021இல் சொன்னார்கள். குளவிக் கூட்டை அசிங்கம் என்று சுரண்டித் தள்ளியிருந்தால் அந்த வயது கிடைத்தே இருக்காது.

இந்த எண்கள் பலவற்றின் முன்னால் ‘குறைந்தது’ என்ற சொல் உண்டு. படலம் 51,200 வருடம் என்றால் அதற்கு அடியிலுள்ள ஓவியம் அவ்வளவாவது பழையது; எவ்வளவு கூடுதல் என்று தெரியாது. செய்தித்தாளில் வரும்போது அந்தச் சொல் முதலில் காணாமல் போகும். அதை விடாமல் பிடித்துக்கொண்டு, கேட்கிறவரின் ஆர்வமும் குறையாமல் சொல்லத் தெரிவது ஒரு திறமை. எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் தருவதில்லை. தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த கேள்வி, “என்ன அர்த்தம்?” இங்கேதான் தொல்லியலாளர் வாயை மூடிக்கொண்டு காதைத் திறக்க வேண்டியிருக்கிறது.

1873இல் ஆப்பிரிக்காவின் தெற்கில், இன்றைய லெசோதோ நாட்டின் மலோட்டி மலைகளில் ஜோசப் ஓர்ப்பன் என்ற காலனிய அதிகாரி ஒரு பயணம் போனார். வழிகாட்டியாக வந்தவர் கிங் என்ற இளம் வேட்டைக்காரர்; அந்தப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்களைச் சேர்ந்தவர். வழியில் தென்பட்ட ஓவியங்களைப் பற்றி ஓர்ப்பன் அவரிடம் கேட்டார். மான் தலையோடு நிற்கும் மனிதர்கள் யார் என்று கேட்டபோது, அவர்கள் இறந்துபோய் இப்போது ஆறுகளில் வாழ்பவர்கள் என்று கிங் சொன்னார். அவர்களை நடனத்தோடும் ஈலண்டு மானோடும் சேர்த்துப் பேசினார். ஓர்ப்பன் அதை எழுதி 1874இல் அச்சிட்டார். அதே ஆண்டுகளில் கேப் டவுனில் மொழி ஆய்வாளர்கள் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும், சான் மக்களின் மொழிகளில் ஒன்றான ஸாம் பேசியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்பேடுகள் 12,000 பக்கங்களைத் தாண்டும். சொன்னவர்களில் சிலர் கைதிகள். அந்த மொழி இன்று பேச ஆளில்லாமல் போய்விட்டது. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் இந்தப் பக்கங்களை ஓவியங்களோடு சேர்த்துப் படித்தபோதுதான், வெறும் வேட்டைக் காட்சி என்று தள்ளப்பட்டவை சான் மக்களின் குணமாக்கும் நடனத்தோடும் நம்பிக்கையோடும் தொடர்புடையவை என்று வாதிட முடிந்தது. அவருடைய விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் சண்டை போடுவதற்கே ஒரு பொருள் இருக்கிறதென்றால், யாரோ சிலர் கேட்டு, யாரோ சிலர் பொறுமையாகச் சொன்னதால்தான். ஐரோப்பியக் குகைகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. அங்கே கேட்க நமக்குப் பல்லாயிரம் வருடத் தாமதம்.

கேட்பது என்றால் புராணக் கதை கேட்பது மட்டுமில்லை. நடுப்பகலில் ஒரு மலைச்சரிவில் கீறல் உருவங்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாயங்காலம் வா தம்பி. சாய்வெயில் விழுந்தாத்தான் அது எந்திரிச்சு நிக்கும். இப்ப மத்தியானத்துல ஒண்ணும் தெரியாது.” அவர் சொன்னபடியே போனோம். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்ததும், பகலில் மூன்று தடவை கடந்துபோன அதே பாறையில் ஒரு திமில் காளையின் முதுகுக்கோடு நிழலாக விழுந்தது. அதை ஆய்வு நூல்கள் சாய்வொளி முறை என்று சொல்லும். அவர் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவர். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பக்கத்துக் காவி ஓவியம் மங்கலாகத் தெரிந்தால், சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்ப்பார்களாம், பளிச்சென்று தெரியுமாம். தண்ணீர் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்துவரும், அது வெள்ளையாகப் படிந்து ஓவியத்தை மூடும், சில இடத்தில் தோலோடு உரித்துப் போட்டுவிடும் என்று விளக்கினேன். “அப்படியா? எங்களுக்கு யாருமே சொல்லலையே ஐயா,” என்றார். மறுநாள் அவர் பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து, அவர்களுக்குத் தானே அதைச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு உறைத்திருக்காது.

படித்தவர்களும் இப்படிப் பாறையைக் கெடுத்திருக்கிறார்கள். படம் நன்றாக வர வேண்டும் என்று கீறல்களில் சுண்ணக்கட்டி பூசியது பல நாடுகளில் வழக்கமாகவே இருந்தது. நார்வேயின் ஆல்டாவில், 1985இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடத்தில், பார்வையாளர்களுக்குத் தெரிய வேண்டும் என்று உருவங்களுக்குச் சிவப்புச் சாயம் தீட்டினார்கள். பிறகு அதை அகற்றும் வேலையில் இறங்க வேண்டி வந்தது. பிரான்ஸின் லாஸ்கோ ஓவியக் குகை 1948இல் திறக்கப்பட்டு, கூட்டத்தின் மூச்சுக்காற்றும் வெப்பமும் பாசியை வளர்த்ததால் 1963இல் மூடப்பட்டது. ஷோவேயைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. 2015இல் பக்கத்தில் ஒரு நகல் குகையைத்தான் திறந்தார்கள். லாஸ்கோ கற்றுத் தந்தது அது.

மக்கள் ஒரு பாறையின் பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குப் போர்ச்சுகல் நாட்டின் கோவா (Côa) பள்ளத்தாக்கைத்தான் எப்போதும் சொல்வேன்; நம் ஊர்க் கோவா இல்லை. அங்கே பெரிய அணை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். 1994 கடைசியில், மூழ்கப் போகிற ஆற்றங்கரைப் பாறைகளில் பனியுகத்துக் குதிரைகளும் காட்டெருதுகளும் கீறப்பட்டிருப்பது வெளியே தெரிந்தது. நாடே இரண்டுபட்டது. அணை வந்தால் வேலை வரும் என்று காத்திருந்தவர்களும் அந்த ஊரில்தான் இருந்தார்கள், அவர்களுடைய எதிர்பார்ப்பும் பொய்யானதில்லை. பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். “கீறல் ஓவியங்களுக்கு நீந்தத் தெரியாது” என்பது அவர்களுடைய முழக்கம். புதிதாக வந்த அரசு அணையை நிறுத்தியது. 1996இல் தொல்லியல் பூங்கா, 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியல். தொல்லியலாளர்களின் அறிக்கை மட்டும் அந்த அணையை நிறுத்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் தொல்லியலாளர் நியேட் கிதோன் செய்தது இன்னும் நீண்ட வேலை. அவர் பாடுபட்டு 1979இல் ஓவியப் பாறைகள் நிறைந்த செரா டா கபிவாரா தேசியப் பூங்கா வந்தது, 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வேட்டையாடிப் பிழைத்தவர்களிடம் வேட்டையை விடு என்று சொன்னால் மாற்றாக எதையாவது தர வேண்டும் அல்லவா? பூங்கா வாசல்களில் உள்ளூர்ப் பெண்களைக் காவலுக்கு அமர்த்தினார்கள். ஓவிய உருவங்களைத் தாங்கிய மண்பாண்டங்கள் செய்யும் பட்டறை வந்தது. மோதல் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை, பணமும் அடிக்கடி வற்றியது. ஆனாலும் தன் சம்பளம் அந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரு குடும்பம், எந்த வேலியைவிடவும் நல்ல காவல்.

இன்னும் சில இடங்களில் ஓவியத்துக்கு உரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிம்பர்லியின் வஞ்சினா உருவங்களை அந்த மண்ணின் மக்கள் மீண்டும் மீண்டும் வண்ணம் தீட்டிப் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். வாயில்லாத அந்த முகங்கள் மழையோடு தொடர்புடையவை. பழையதைத் தொடாதே என்பது தொல்லியலின் பால பாடம். புதுப்பிக்காமல் விடுவதுதான் புறக்கணிப்பு என்பது அவர்களுடைய பாடம். 1980களில் இது பெரிய சர்ச்சையானது. என் கட்சி எதுவென்று கேட்டால், உரியவர்களின் கட்சி. ஆராய்ச்சியாளருக்குப் பதிவு செய்ய அனுமதி கேட்கும் உரிமை உண்டு. அதற்கு மேல் இல்லை.

சரி, வேலை. பாறை ஓவியத்துக்கென்றே உள்ள ஆய்வுப் பதவிகள் உலகம் முழுவதும் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பல நாடுகளில் தொல்லியல் வேலைகளில் பெரும்பங்கு கட்டுமானத்தை ஒட்டித்தான் வருகிறது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்தில் 1990இலிருந்து வந்த திட்டமிடல் நெறிகள், பிரான்ஸில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒவ்வொன்றும், சாலையோ சுரங்கமோ குழாயோ வருவதற்கு முன் நிலத்தை ஆராயச் சொல்கின்றன. அங்கே சம்பளம் உண்டு, அவசரமும் உண்டு, மனசாட்சிக்குச் சோதனையும் உண்டு. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனித வாழ்வின் சான்றுகள் இருந்த பாறை ஒதுங்கிடங்களை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி இருந்தது. ஆய்வும் நடந்திருந்தது, அறிக்கையும் கையில் இருந்தது. நிலத்துக்கு உரிய மக்கள் சொன்னதுதான் காதில் ஏறவில்லை. இந்த வேலைக்குப் போகிறவர்கள் அந்த நிகழ்வைப் பற்றிப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

இவை தவிர அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, பூங்கா வழிகாட்டிகளுக்குப் பயிற்சி, பாறைப் பாதுகாப்பு வேதியியல், நிலவரைபட மென்பொருள், பள்ளிகளுக்கான பாடப் பொருள் தயாரிப்பு என்று பல வாசல்கள் இருக்கின்றன. வேறு துறையிலிருந்து வருகிறவர்கள் தயங்கவே வேண்டாம். 1957இல் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா பாறை ஓவியங்களை உலகுக்குக் காட்டிய வி. எஸ். வாகன்கர் ஓவியர். டான்சானியாவின் கொண்டோவா ஓவியங்களை 1951இல் படியெடுத்த மேரி லீக்கி, தொல்பொருள்களுக்குப் படம் வரைபவராகத்தான் இந்தத் துறைக்குள் வந்தார். ஷோவே ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ழான் க்ளோட், பல வருடங்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மண்ணியல் படித்தவருக்குப் பாறை புரியும், வேதியியல் படித்தவருக்கு வண்ணம் புரியும், மானிடவியல் படித்தவருக்கு மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியும். மூன்றும் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் குழுவாகப் போகிறோம்.

ஒரு புதிய ஓவியத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் இருப்பிடத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். காவலுக்கு ஆள் இல்லாத பாறைக்கு வரைபடத்தில் புள்ளி வைத்தால், அடுத்த மாதம் அங்கே யாருடைய பெயரோ பெயின்டில் எழுதியிருக்கும். முதலில் தொல்லியல் துறைக்கும் அந்த இடத்து மக்களுக்கும் சொல்லுங்கள். படத்தைப் போடுவதாக இருந்தால், கைபேசி தானாகச் சேர்க்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

நீங்கள் தயாரிக்கும் பதிவுத்தாளில் முதல் வரியாக ‘பாறையைக் காட்டியவர்’ என்று ஒரு இடம் வையுங்கள். ஸ்பெயினின் அல்டமிரா குகை என்றதும் 1879இல் கூரை ஓவியத்தைப் பார்த்த சிறுமி மரியாவும் அவள் தந்தை சௌதுவோலாவும் நினைவுக்கு வருவார்கள். அந்தக் குகையின் வாயை 1868இலேயே கண்ட மொதெஸ்தோ குபியாஸ் என்ற எளிய மனிதரை எத்தனை பேருக்குத் தெரியும்? ஓர்ப்பன் எழுதிவைத்ததால் கிங்கின் பெயர் நமக்குக் கிடைத்தது. எத்தனையோ அறிக்கைகளில் ‘உள்ளூர்வாசி ஒருவர்’ என்று மட்டுமே இருக்கிறது. காட்டியவரிடம், பெயரைப் போடலாமா, எப்படி எழுத வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் படங்களின் ஒரு படியை அச்சிட்டு அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் போதாது. அப்படிப் போகும்போதுதான் அடுத்த பாறை எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள்.